டிஸ்னி வேர்ல்டுக்குப் பத்துப் பேர் போனால் எங்கே தங்குவது?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். டல்லாஸிலிருந்து தங்கை குடும்பமும் வருகிறது. பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. ‘எல்லாரும் சேர்ந்து ஆர்லாண்டோ போவோமா?’ என்று வாட்ஸாப்பில் ஒருவர் கேட்டதும் குடும்பமே தலையாட்டிவிடும். எங்கே தங்குவது என்ற பேச்சு வந்ததும் குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரியும். பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் நீச்சல்குளத்தோடு ஒரு பெரிய வீட்டை எடுத்தால் சமைத்துச் சாப்பிடலாம், காசும் மிச்சம் என்பது ஒரு கட்சி. இத்தனை தூரம் போய் வெளியே எதற்கு, டிஸ்னி ஓட்டலிலேயே இருந்துவிடலாம் என்பது மற்றது. நடுவில் மாட்டிக்கொண்டு தேதியை இழுத்துக்கொண்டே போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் வீட்டின் பக்கம் சாய்கிறார்கள். பல குடும்பங்களுக்கு அது சரிதான். ஆனால் எழுபது வயதுக்காரர்களையும் இரண்டு வயதுக் குழந்தையையும் ஜூலை வெயிலில் கூட்டிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு, அந்த வீடு நினைத்த அளவு மலிவாகவும் இருக்காது, சௌகரியமாகவும் இருக்காது.

பேச வசதியாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, இரண்டு தம்பதிகள், 12, 9, 6, 2 வயதில் நான்கு பிள்ளைகள். ஆக மொத்தம் பத்துப் பேர். பூங்கா டிக்கெட் எங்கே தங்கினாலும் ஒன்றுதான் (3 வயதுக்குக் கீழ் இலவசம், 10 வயதிலிருந்து பெரியவர் கட்டணம்). அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் கேள்வி: முதலில் களைக்கப்போவது யார்?

வாடகையைவிட நான் இதைத்தான் பெரிதாகப் பார்ப்பேன். டிஸ்னியில் ஒரு நாள் என்பது காலை எட்டரைக்கு வாசலில் நின்று, இரவு வாணவேடிக்கை முடிந்து திரும்புவது. பன்னிரண்டு வயதுப் பையன் தாங்குவான். பாட்டியும் குழந்தையும் பகல் ஒரு மணிக்கே துவண்டுவிடுவார்கள். ஃப்ளோரிடா கோடையில் மதியத்துக்குமேல் இடிமழை அடிக்கடி வரும். அந்த நேரத்தில் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வர முடிந்தால், அந்த இரண்டு பேருக்கும் பயணம் இனிக்கும்.

முடியாமல் போனால் என்ன ஆகிறது என்று, டிஸ்னியின் நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமை வைத்தே பார்க்கலாம். சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ வருகிறவர்கள் பூங்கா வாசலில் வண்டியை நிறுத்த முடியாது. பார்க்கிங் இருப்பது ஏரிக்கு அந்தப் பக்கம். பாட்டிக்குத் தலை சுற்றுகிறது என்றால், வாசல்வரை நடந்து வந்து, மோனோரயிலுக்கோ படகுக்கோ வரிசையில் நின்று, ஏரியைத் தாண்டி, அங்கிருந்து டிராமில் ஏறி, கார் நிற்கும் வரிசையைக் கண்டுபிடித்து, கொதிக்கும் காரின் கதவைத் திறந்து ஏசியைப் போட்டு, அழும் குழந்தையைக் கார் சீட்டில் கட்டியாகவேண்டும். சாவியைத் திருப்புவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். அதற்குப் பிறகுதான் ஐ-4 நெடுஞ்சாலை. திரும்பி வரும்போது இதே கதை மறுபடியும். அதனால் யாரும் திரும்புவதில்லை. பாட்டி ஏசி உள்ள ஒரு கடையில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் காவலுக்கு ஒரு மருமகள். இதையெல்லாம் யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. (எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் மூன்றிலும் இவ்வளவு கஷ்டம் இல்லை, பார்க்கிங் வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது.)

இரண்டாவது: ஓட்டத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் அங்கே வண்டி ஓட்டப்போவதில்லை. மினிவேனில் ஏழெட்டுப் பேர்தான் உட்காரலாம். பத்துப் பேர் என்றால் இரண்டு வண்டி, இல்லையென்றால் பெரிய வேன். இரண்டு வண்டி என்றால் பார்க்கிங் கட்டணமும் இரண்டு மடங்கு. ஃப்ளோரிடா சட்டப்படி 5 வயதுவரை குழந்தைகளுக்கான இருக்கை ஏற்பாடு காரில் கட்டாயம். ஊரிலிருந்து வந்த உறவினர் குழந்தையோடு வந்தால் அதற்கும் வாடகையோ விலையோ உண்டு. டிஸ்னி பேருந்தில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது: அடுப்பு. தாத்தாவுக்குச் சர்க்கரை, பாட்டி சுத்த சைவம் என்றால் இது முக்கியம். ஆனால் மூன்று வேளையும் சமைக்கப்போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். டிஸ்னி பூங்காக்களுக்குள் வீட்டுச் சாப்பாட்டை எடுத்துப்போகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும்தான் கூடாது, சூடுபண்ண வேண்டிய உணவும் ஆகாது. புளியோதரையும் எலுமிச்சை சாதமும் இதற்கென்றே பிறந்தவை. ஆக, உங்களுக்கு உண்மையில் தேவை காலையில் ஒரு மணி நேரம் அடுப்பும், இரவில் கொஞ்சம் ரசம் சாதமும்.

நான்காவது: பாத்ரூம். படுக்கையறை எண்ணிக்கையைவிட இது முக்கியம். பத்துப் பேர் ஏழு மணிக்குக் கிளம்பவேண்டும் என்றால் மூன்றுக்குக் குறைந்து சரிப்படாது.

அப்புறம், திட்டம் மாறினால் காசு திரும்புமா என்பதும் உண்டு. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். 2022-ல் இயன், 2024-ல் மில்டன் புயல்களின்போது டிஸ்னி பூங்காக்களையே மூடினார்கள். விசா தள்ளிப்போவது, பெரியவர்களுக்கு உடம்பு முடியாமல் போவது எல்லாம் பருவம் பார்த்து வருவதில்லை.

## டிஸ்னியின் சொந்த ஓட்டல்கள்

சாதாரண அறை ஒன்றில் நான்கு பேர், சில ஓட்டல்களில் ஐந்து பேர். தொட்டிலில் படுக்கும் 3 வயதுக்குட்பட்ட குழந்தை கணக்கில் வராது. பெரிய குடும்பத்துக்குப் பொருத்தமானவை ஆறு பேர் தங்கும் ஃபேமிலி சூட்டுகள். ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஓட்டலில் இவை நிறைய உண்டு. ஆல்-ஸ்டார் மியூசிக்கிலும் சில இருக்கின்றன. ஆறு பேருக்கு இரண்டு பாத்ரூம். நம் பத்துப் பேருக்கு இரண்டு சூட் எடுத்தால் நான்கு பாத்ரூம் ஆகிவிடுகிறது. அந்த வகையில் சொகுசு வில்லாவைக்கூட இது தோற்கடித்துவிடும்.

குறை படுக்கையில் இருக்கிறது. கதவு உள்ள அறை ஒன்றே ஒன்றுதான். மற்றவர்களுக்கு சோபா கட்டிலும், சாப்பாட்டு மேசையை மடித்தால் வரும் கட்டிலும். குழந்தை தூங்கியபிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேச மேசையும் இருக்காது, இடமும் இருக்காது. அடுப்பு கிடையாது. மைக்ரோவேவும் சின்னக் குளிர்பெட்டியும் மட்டும். ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்களில் சமையலறை உண்டு, ஆறு பேர் தங்கலாம். ஆனால் பாத்ரூம் ஒன்று. சின்னக் குடும்பத்துக்குச் சரி, பத்துப் பேருக்கு நான் சொல்லமாட்டேன்.

இங்கே தங்குவதன் பலன் வழியில்தான் தெரியும். டிஸ்னி பேருந்து மேஜிக் கிங்டம் வாசலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். மேலே சொன்ன ஏரி தாண்டும் படலம் கிடையாது. களைத்தவர் ஒருவர் துணையோடு மட்டும் திரும்பலாம், மற்றவர்கள் பூங்காவிலேயே இருக்கலாம். கார் ஒன்றே என்று எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டவேண்டியதில்லை. ஆர்ட் ஆஃப் அனிமேஷனிலிருந்து எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் ஸ்கைலைனர் என்ற தொங்கு ஊர்தி போகிறது. தள்ளுவண்டியை மடிக்காமலே அதில் ஏற்றலாம். பேருந்தில் பொதுவாக மடிக்கச் சொல்வார்கள். ஒரு கையில் தூங்கும் குழந்தையும் மறு கையில் பையும் இருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிது. ஒரே தொல்லை, மின்னல் அடித்தால் ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள். அதுவும் கோடை மதியத்தில், திரும்ப நினைக்கும் அதே நேரத்தில்.

இவைபோக, டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்கள் எந்தப் பூங்காவுக்குள்ளும் தினமும் அரை மணி நேரம் முன்னதாக நுழையலாம். நீண்ட வரிசைகளைத் தாண்டும் லைட்னிங் லேன் பாஸை 7 நாளுக்கு முன்பே தங்கும் நாட்கள் முழுமைக்கும் பதிவுசெய்யலாம். வெளியே தங்குபவர்களுக்கு 3 நாள்தான். பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் இடம் கிடைக்கவேண்டும் என்னும்போது அந்த நான்கு நாள் முந்துவது நிஜமாகவே உதவும்.

மறைந்திருக்கும் செலவு சாப்பாடு. பத்துப் பேர் மூன்று வேளையும் வாங்கிச் சாப்பிட்டால் சூட் வாடகையை நெருங்கும் நாட்கள் வரும். பூங்கா பார்க்கிங்கும் ஓட்டல் பார்க்கிங்கும் தங்குபவர்களுக்கு இலவசம். விமான நிலையத்திலிருந்து டிஸ்னி முன்பு விட்டிருந்த இலவசப் பேருந்து 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. பழைய அனுபவத்தில் ‘அதெல்லாம் ஃப்ரீ’ என்று சொல்லும் சித்தப்பாவை நம்பவேண்டாம்.

இரண்டு சூட் எடுக்கும்போது அருகருகே வேண்டும் என்று கேட்டுவைக்கலாம். முன்பதிவில் அது வெறும் கோரிக்கையாகப் பதிவாகியிருக்கிறதா, உறுதி செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

## டிஸ்னி வில்லா, அடுத்தவர் புள்ளியில்

நம்மவர்களில் பலருக்கு இந்த வழி தெரியாது. டிஸ்னி வெகேஷன் கிளப் என்பது டிஸ்னியின் டைம்ஷேர், அதாவது வருடாவருடம் தங்கும் உரிமையை மொத்தமாக விலைக்கு வாங்கிவைக்கும் திட்டம். உறுப்பினர்களுக்கு வருடத்துக்கு இத்தனை என்று புள்ளிகள் வரும். பயன்படுத்தாத புள்ளிகளை அவர்கள் வாடகைக்கு விடுகிறார்கள். இதற்கென்றே தரகு நிறுவனங்கள் உண்டு. புள்ளிக்கு 20 டாலரை ஒட்டிக் கொடுத்தால், டிஸ்னி நேரடியாகக் கேட்கும் விலையைவிடக் கணிசமாகக் குறைத்து அதே வில்லாவில் தங்கலாம்.

இரண்டு படுக்கையறை வில்லாக்களில் எட்டு அல்லது ஒன்பது பேர் தங்கலாம். நம் குடும்பத்தில் இரண்டு வயதுக் குழந்தை கணக்கில் வராது என்பதால் ஒன்பது பேருக்கான வில்லாவில் விதிப்படியே பொருந்திவிடுகிறோம். முழுச் சமையலறை, துணி துவைத்து உலர்த்தும் இயந்திரங்கள் எல்லாம் உள்ளேயே. அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜிலும் பே லேக் டவரிலும் இந்த அளவு வில்லாவுக்கு மூன்று பாத்ரூம் உண்டு. ஓல்டு கீ வெஸ்ட் விசாலமானது, ஆனால் பாத்ரூம் இரண்டு.

கிடானியா, பே லேக் டவரா? பே லேக் டவரிலிருந்து மேஜிக் கிங்டமுக்குப் பத்து நிமிடத்தில் நடந்தே போய்விடலாம். குழந்தை தூங்கும் நேரத்துக்கு ஒருவர் கூட்டிவந்து படுக்கவைத்துவிட்டு, இன்னொருவரை மாற்றிவிட்டுத் திரும்பலாம். கிடானியில் பேருந்துதான். அனிமல் கிங்டம் தவிர மற்றவை கொஞ்சம் தூரம். ஆனால் புல்வெளிப் பக்கம் இருக்கும் வில்லா கிடைத்தால் பால்கனியிலிருந்தே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் பார்க்கலாம். பூங்காவுக்கு இன்று வரவில்லை என்று தாத்தா பாட்டி அறையில் தங்கிவிட்டாலும் அவர்களுக்குப் பொழுது போகும். கீழேயே சனா என்ற உணவகம், ஆப்பிரிக்காவும் இந்தியாவும் கலந்த சமையல். நான் பெரியவர்களோடு போவதென்றால் கிடானிக்குத்தான் கை தூக்குவேன். சிறுவர்கள் நிறைய, மேஜிக் கிங்டமே குறி என்றால் பே லேக்.

இதில் உள்ள ஆபத்தையும் சொல்லவேண்டும். வாடகைப் புள்ளியில் போட்ட முன்பதிவை ரத்து செய்தால் பெரும்பாலும் காசு திரும்பாது. முன்பதிவு உறுப்பினர் பெயரில் உள்ள கணக்கில் இருப்பதால் தேதி மாற்ற அவரைத்தான் கெஞ்சவேண்டும். பயணக் காப்பீடு எடுக்காமல் இந்தப் பக்கம் போகாதீர்கள். விசா இன்னும் கையில் வராத பெரியவர்களை நம்பி இதைப் பதிவுசெய்யவும் வேண்டாம். முன்கூட்டியே திட்டமும் தேவை. உறுப்பினர்கள் தங்கள் சொந்த விடுதியை 11 மாதத்துக்கு முன்பும் மற்றவற்றை 7 மாதத்துக்கு முன்பும் பதிவுசெய்கிறார்கள். பெரிய வில்லாக்கள் முதலிலேயே போய்விடும். ‘அடுத்த மாசம் போலாமா?’ என்று கேட்கும் குடும்பத்துக்கு இது சரிவராது.

பன்னிரண்டு பேர் தங்கும் கிராண்ட் வில்லாக்களும் உண்டு. விலையைப் பார்த்தால் தாத்தா பூங்காவுக்கே வரமாட்டேன் என்பார்.

## பூங்காவுக்கு வெளியே அபார்ட்மென்ட் வகை விடுதிகள்

லேக் பியூனா விஸ்டா, ஃபிளமிங்கோ கிராசிங்ஸ், பான்னட் கிரீக் பகுதிகளில் சமையலறையோடு கூடிய சூட்டுகளும், இரண்டு மூன்று படுக்கையறை கொண்ட அடுக்ககங்களும் இருக்கின்றன. டிஸ்னிக்கு மிக அருகில், பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம். ரெசிடென்ஸ் இன், ஹோம்வுட் சூட்ஸ் போன்றவற்றில் காலை உணவு வாடகையோடு சேர்ந்தது. பத்துப் பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம் என்பது சின்ன விஷயம் இல்லை. பிள்ளைகள் வாஃபிளோடு மல்லுக்கட்டும் நேரத்தில் நீங்கள் மதியச் சாப்பாட்டைக் கட்டிவிடலாம்.

ரத்து விதியும் பெரும்பாலும் தளர்வு. கடைசி நாள்வரை இலவசமாக ரத்து செய்யும் கட்டணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நிச்சயமில்லாத திட்டத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

தொந்தரவுகள்? ‘இலவச ஷட்டில்’ என்று போட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பிட்ட சில நேரங்களில் மட்டும், முன்பதிவோடு, பல ஓட்டல்களில் ஆளேற்றிக்கொண்டு வரும் வண்டி அது. மதியம் களைத்தவரைக் கூட்டிவர உதவாது. ரிசார்ட் கட்டணம் (விடுதி வசதிகளுக்கென்று அறை வாடகைக்கு மேல் வாங்குவது), பார்க்கிங் கட்டணம் தனியாக இருக்கலாம். கட்டாயக் கட்டணங்களை முதலில் காட்டும் விலையிலேயே சேர்க்கவேண்டும் என்ற அமெரிக்க விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்ததால் இப்போது ரிசார்ட் கட்டணம் ஒளிந்துகொள்வது குறைந்திருக்கிறது. வரி மட்டும் கடைசியில் ஏறும். டைம்ஷேர் விடுதி என்றால் வரவேற்பறையில் பரிசுக் கூப்பனோடு ஒருவர் சிரித்துக்கொண்டு வருவார், ‘ஒரு சின்னக் கூட்டம்தான், காலைச் சாப்பாடும் உண்டு’ என்பார். பெரியவர்களை அவரிடம் தனியாக விட்டுவிடாதீர்கள். மாமனார் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்து நிற்பார்.

## கிஸ்ஸிமி, டேவன்போர்ட் பக்கம் தனி வீடு

இந்தப் பக்கம் வின்ட்சர் ஹில்ஸ், ஸ்டோரி லேக், ரியூனியன், சாம்பியன்ஸ்கேட் என்று குடியிருப்புகளே வாடகை விடுமுறை வீடுகளுக்காகக் கட்டப்பட்டவை. ஐந்து ஆறு படுக்கையறை, நான்கு ஐந்து பாத்ரூம், பின்னால் வலைக்கூண்டு போட்ட நீச்சல்குளம். இரவு பத்து மணிக்கு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து, தாத்தா ஒரு மூலையில் சாய்ந்துகொள்ள, பிள்ளைகள் தரையில் உருள... இதை எந்த ஓட்டல் சூட்டும் தராது. பூங்கா இரண்டாம்பட்சம், குடும்பம் ஒன்றுகூடுவதுதான் முக்கியம் என்றால் இந்தப் பகுதியைப் படித்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, விலைக்கு வருவோம். ஓர் இரவுக்கு 300 டாலர் என்று காட்டும் வீட்டை ஆறு இரவு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வாடகை 1,800. சுத்தம் செய்யும் கட்டணம் 250 என்று வைப்போம். டிசம்பர், ஜனவரி என்றால் குளத்து நீரைச் சூடாக்க நாளுக்கு 35 வீதம் 210. இது விருப்பக் கட்டணம் என்பதால் முதலில் காட்டும் விலையில் இருக்காது. மொத்தம் 2,260. கிஸ்ஸிமி இருக்கும் ஆஸியோலா கவுன்டியில் விற்பனை வரியும் சுற்றுலா வரியும் சேர்ந்து 13.5 சதவீதம், அதாவது 305. பூங்கா பார்க்கிங் நாளுக்கு 30 டாலருக்குக் குறையாது. இரண்டு வண்டி, ஐந்து நாள் என்றால் 300. ஆக 2,865. இரவுக்கு 300 என்று பார்த்தது 475-ஐத் தாண்டிவிட்டது. வலைத்தளத்தின் சேவைக் கட்டணமும் வண்டி வாடகையும் இன்னும் சேர்க்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் இரண்டு டிஸ்னி சூட்டைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் 300-ஐயும் சூட் விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தப்புக் கணக்கு.

அட்லாண்டா, சார்லட் பக்கமிருந்து சொந்த வண்டிகளில் வருபவர்களுக்கு வண்டி வாடகை மிச்சம். ரைஸ் குக்கர், இட்லித் தட்டு, ஊறுகாய் எல்லாம் டிக்கியில் ஏறிவிடும். அவர்களுக்கு வீட்டின் கணக்கு உடனே நன்றாகிவிடுகிறது. விமானத்தில் வருபவர்கள் ஊரிலிருந்து குக்கர் கொண்டுவர நினைக்கவேண்டாம். நம்மூர் 230 வோல்ட் சாதனம் அங்கே 120 வோல்ட்டில் வேகாது.

சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வீடுகளில் கூடமும் சமையலறையும் ஒன்றே. அடுப்பு பெரும்பாலும் மின்சாரக் கண்ணாடி அடுப்பு. புகைபோக்கி பல வீடுகளில் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி மறுபடி வீட்டுக்குள்ளேயே விடும். கடுகு வெடித்து மிளகாய் வற்றல் கருகும் அந்த நொடியில் கூரையில் இருக்கும் புகை அலாரம் அலற ஆரம்பிக்கும். மாடியில் தூங்கும் குழந்தை எழுந்துவிடும். ஒருவர் துண்டை வீசிக்கொண்டு அலாரத்துக்குக் கீழே நிற்பார். அவசரத்தில் பின்கதவைத் திறந்தால் அந்தக் கதவும் தன் பங்குக்குக் கத்தும். ஃப்ளோரிடாவில் நீச்சல்குளம் உள்ள வீட்டுக்குக் குழந்தைகள் பாதுகாப்புக்கு ஏதாவது ஒரு தடுப்பு சட்டப்படி தேவை. பல வீடுகளில் அது கதவு அலாரம். சின்னத் தீயில் தாளியுங்கள், கதவு அலாரத்தை மட்டும் எக்காரணத்துக்காகவும் அணைத்துவைக்காதீர்கள். இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் குளத்தைச் சுற்றி வலைவேலியும் இருக்கிறதா என்று பதிவுசெய்யும் முன்பே கேளுங்கள். வெள்ளைக் கல் மேடையில் மஞ்சள் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். கறைக்கும் மசாலா வாடைக்கும் கூடுதல் கட்டணம் என்று சில வீட்டு விதிகளில் எழுதியிருப்பார்கள்.

‘14 பேர் தங்கலாம்’ என்பதைப் படத்தைப் பார்த்து எண்ணுங்கள். அதில் பாதி பிள்ளைகளுக்கான அடுக்குக் கட்டிலாகவும் சோபாவாகவும் இருக்கும். பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறையும், தொட்டி ஏறாமல் நின்று குளிக்கும் பாத்ரூமும் இருக்கிறதா என்பதுதான் முதல் வடிகட்டி. விளையாட்டு அறை பல வீடுகளில் கார் ஷெட்டில்தான் இருக்கும். ஏசி இல்லாவிட்டால் ஜூலையில் யாரும் அங்கே போகமாட்டார்கள். தூரத்தையும் வரைபடத்தில் பாருங்கள். ‘டிஸ்னிக்கு அருகில்’ என்ற ஒரே வாசகத்தை வின்ட்சர் ஹில்ஸும் போடும், டேவன்போர்ட்டின் தெற்குக் கோடியில் இருப்பவரும் போடுவார். காலையில் ஐ-4 நிறைந்துவிட்டால் இந்த இரண்டுக்கும் இடையே அரை மணி நேர வித்தியாசம்.

புயல் விஷயத்தில் ஓட்டலும் வீடும் ஒன்றல்ல. ஆர்லாண்டோவுக்கோ நீங்கள் வசிக்கும் ஊருக்கோ சூறாவளி எச்சரிக்கை வந்தால், ஏழு நாளுக்குள் வரவிருப்பவர்களுக்கு டிஸ்னி தன் ரத்துக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கிறது. தனி வீட்டில் உரிமையாளர் போட்ட விதிதான் பேசும். புயல் பருவத்தில் ஃப்ளோரிடாவுக்குப் புயல் வருவது எதிர்பார்க்கக்கூடியதுதானே என்று வலைத்தளங்களும் கைவிரிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | டிஸ்னி சூட் (2) | வாடகைப் புள்ளி வில்லா | வெளி அபார்ட்மென்ட் விடுதி | தனி வீடு |
|---|---|---|---|---|
| பத்துப் பேருக்கு (ஒருவர் கைக்குழந்தை) | இரண்டு சூட், 12 இடம் | இரண்டு படுக்கையறை, நெருக்கிப் பொருந்தும் | மூன்று படுக்கையறை அல்லது இரண்டு சூட் | தாராளம் |
| பாத்ரூம் | 4 | 2–3 | 2–4 | 4–5 |
| அடுப்பு | இல்லை | உண்டு | பெரும்பாலும் உண்டு | உண்டு |
| மதியம் திரும்புவது | எளிது, தனித்தனியாகவும் | எளிது | கார் வேண்டும் | கஷ்டம் |
| வண்டி | தேவையில்லை | தேவையில்லை | ஒன்றிரண்டு | இரண்டு |
| ரத்து | தளர்வு | பெரும்பாலும் காசு திரும்பாது | தளர்வு | வீட்டுக்கு வீடு மாறும் |
| கண்ணில் படாத செலவு | வெளிச்சாப்பாடு | காப்பீடு | ரிசார்ட், பார்க்கிங் கட்டணம் | சுத்தம், குளச் சூடு, வரி, பார்க்கிங் |

## எந்தக் குடும்பத்துக்கு எது?

மூன்று நான்கு நாள்தான், பூங்காவைத் தவிர வேறு எதுவும் வேண்டாம், சாப்பாட்டில் கெடுபிடி இல்லை என்றால் டிஸ்னி சூட். வீட்டின் சுத்தம் செய்யும் கட்டணம் மூன்று இரவுக்கும் ஒன்றுதான், ஏழு இரவுக்கும் ஒன்றுதான் என்பதால் குறுகிய பயணத்துக்கு வீடு நஷ்டம்.

பெரியவர்களும் கைக்குழந்தையும் உண்டு, தேதி நிச்சயம், ஏழெட்டு மாதம் அவகாசம் இருக்கிறது என்றால் வாடகைப் புள்ளி வில்லா. நான் எடுத்துக்கொண்ட பத்துப் பேருக்கு என் முதல் தேர்வு இதுதான்.

தேதி இழுபறி, யார் வருவார் யார் வரமாட்டார் என்று தெரியாத நிலை என்றால் வெளி விடுதியில் ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் இரண்டு மூன்று சூட்டைப் பிடித்துவையுங்கள். வராதவர்களின் அறையை விட்டுவிடலாம். ஆர்லாண்டோவில் டிஸ்னிக்குப் போட்டியான யுனிவர்சல் பூங்காக்களையும், அவர்கள் 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸையும் பார்க்கவேண்டும் என்றாலும் இதே பதில்தான். டிஸ்னி ஓட்டலின் சலுகைகள் அங்கே செல்லாது, வண்டியும் எப்படியும் வேண்டும்.

பன்னிரண்டு பேருக்குமேல், ஒரு வாரம், அதில் பூங்கா மூன்று நாள், மீதி நாள் குளமும் கதையும் என்றால் தனி வீடு, கேள்வியே இல்லை.

இரண்டையும் கலக்கும் வழி ஒன்றும் உண்டு. வாரத்தின் முன்பாதியில் வீடு: சேர்ந்து சமைத்து, குளத்தில் ஆடி, எப்காட்டும் அனிமல் கிங்டமும் பார்ப்பது. பின்பாதியில் இரண்டு இரவு டிஸ்னி சூட்டுக்கு மாறி மேஜிக் கிங்டம். பெட்டி கட்டும் வேலை ஒரு முறை கூடும். ஆனால் ஏரி தாண்டும் நாட்களைப் பேருந்து கவனித்துக்கொள்ளும், கடைசி இரண்டு நாள் வண்டியையும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எதைத் தேர்ந்தாலும் பதிவுசெய்யும் முன் பங்கைப் பேசிவிடுங்கள். தலைக்கு இவ்வளவா, குடும்பத்துக்கு இவ்வளவா, படுக்கையறைக்கு இவ்வளவா? நான்கு பேர் குடும்பம் ஓர் அறையிலும், பாட்டி தாத்தா கீழ்த்தளப் பெரிய அறையிலும் இருக்கும் வீட்டில் இந்த மூன்றும் மூன்று விதமான தொகையைக் காட்டும். பெரியவர்கள் பங்கைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்வதா, அப்பாவே தன் பென்ஷனிலிருந்து கொடுப்பேன் என்று அடம்பிடிக்கிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். யாருடைய கிரெடிட் கார்டில் முன்பணம் போகிறதோ, ரத்து விதியை அவர் ஒரு முறையாவது முழுசாகப் படித்திருக்கவேண்டும். கோடைக்குப் போவதென்றால் புள்ளி வில்லாவுக்கு முந்தைய ஆண்டின் நவம்பருக்குள் தரகரிடம் பேசுங்கள். வீட்டுக்கும் சூட்டுக்கும் பிப்ரவரிவரை பொறுக்கலாம்.